அழாமல் பாடியவர்: ஹேங்க் வில்லியம்ஸின் 29 ஆண்டுகள்

1949 ஆகஸ்ட் 30. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம், சின்சினாட்டி நகரம். ஹெர்சோக் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தில் உயரமான, மிகவும் ஒல்லியான இளைஞர் ஒருவர் ஒலிவாங்கியின் முன் நின்றார். அவருக்கு 26 வயது நிறைய இன்னும் இரண்டு வாரங்களுக்கும் மேல் இருந்தன. சுற்றிலும் ஒரு ஸ்டீல் கிட்டார், ஒரு மின் கிட்டார், தாளத்துக்கு ஒரு சாதாரண கிட்டார், ஒரு பிடில், ஒரு பெரிய பாஸ். டிரம் இல்லை. மூன்று நிமிடத்துக்கும் குறைவான ஒரு பாட்டைப் பதிவு செய்தார்கள். வேலை முடிந்ததும் அனைவரும் கலைந்து சென்றார்கள்.

அந்தப் பாட்டு ‘ஐம் சோ லோன்சம் ஐ குட் கிரை’. அழுதுவிடலாம் போல அவ்வளவு தனிமை என்பது தலைப்பின் பொருள். பாடியவர் ஹேங்க் வில்லியம்ஸ். எழுதியவரும் அவரே. கன்ட்ரி இசை உலகின் மிகச் சோகமான பாட்டு எது என்று கேட்டால் இன்றும் பலர் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆனால் இசை தெரிந்தவர்கள் இந்தப் பாட்டைப் பிரித்துப் பார்த்தால் ஆச்சரியப்படுவார்கள். மேற்கத்திய இசையில் மகிழ்ச்சிக்கு மேஜர், சோகத்துக்கு மைனர் என்று பொதுவாகச் சொல்வது வழக்கம். இந்தப் பாட்டு மைனரில் இல்லை. ‘ஈ மேஜர்’ சுருதியில் அமைந்தது. நம் இசையில் சொன்னால் மேஜர் என்பது சங்கராபரணத்தின் அதே ஏழு சுரங்கள். வேகமும் அப்படி ஒன்றும் மந்தமில்லை. நிமிடத்துக்கு ஏறத்தாழ 110 அடிகள் விழுகின்றன. பிறகு சோகம் எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்விக்கான பதிலை ஹேங்க் வில்லியம்ஸின் வாழ்க்கையில்தான் தேட வேண்டும்.

ரயில் சத்தமும் தேவாலயமும்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஒன்றான அலபாமாவில், மவுண்ட் ஆலிவ் என்ற சிற்றூரில் 1923 செப்டம்பர் 17 அன்று அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஹைரம். தந்தை லான் வில்லியம்ஸ் மரக் கம்பெனியின் ரயிலை ஓட்டினார். காட்டில் வெட்டிய மரங்களை அறுவை ஆலைக்குக் கொண்டுசெல்லும் ரயில் அது. வேலை எங்கே போகிறதோ அங்கே குடும்பமும் போனது. இரவில் தூரத்தில் கூவும் ரயில், ஹைரமுக்கு எந்தத் தாலாட்டையும் விடப் பழக்கமான ஓசை. பின்னாளில் அந்தச் சோகப் பாட்டிலும் ஒரு நள்ளிரவு ரயில் வந்து சேர்ந்தது.

பிறவியிலேயே அவருக்கு முதுகெலும்பில் ஒரு குறை இருந்தது. எலும்பு முழுதாக மூடாமல் விட்டுப்போகும் குறை அது. வெளியே தெரியாது. ஆனால் வலி மட்டும் வாழ்நாள் முழுவதும் விடவில்லை. மற்றப் பையன்களைப் போல ஓடியாடவும் பாரம் தூக்கவும் அவரால் முடியவில்லை.

1930 இல் இன்னோர் அடி விழுந்தது. முதல் உலகப் போரில் பணியாற்றிய தந்தைக்கு உடல்நலம் கெட்டு, முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அவர் வீடு திரும்பவில்லை. அப்போது ஹைரமுக்கு ஆறு வயது. தந்தை உயிரோடுதான் இருந்தார். ஆனால் வீட்டில் இல்லை.

குடும்பத்தைத் தாய் லில்லி தூக்கி நிறுத்தினார். பொருளாதாரம் நொடிந்து கிடந்த காலம் அது. வாடகைக்கு அறை விட்டு, தங்கியவர்களுக்குச் சமைத்துப் போட்டு, மகளையும் மகனையும் வளர்த்தார். பையனும் சும்மா இருக்கவில்லை. தெருவில் வேர்க்கடலை விற்றான், காலணிக்கு மெருகு போட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லில்லி பாப்டிஸ்ட் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பார். சின்னப் பையன் பக்கத்திலேயே உட்கார்ந்து பாடுவான். அங்கே அவன் கேட்டுப் பழகியவை எளிய பாட்டுகள். மூன்று நான்கு சுரக்கூட்டுகளுக்குள் முடிந்துவிடும். பல பாட்டுகள் மூன்றடித் தாளத்தில் அமைந்தவை. மரணத்தையும் பாவத்தையும் பிரிவையும் பற்றிப் பாடும்போதும் பெரும்பாலானவை மேஜர் சுருதியிலேயே ஒலிக்கும். உலகமெங்கும் தெரிந்த ‘அமேசிங் கிரேஸ்’ பாட்டும் அந்த வகைதான். துக்கத்தைச் சொல்ல இருண்ட சுருதி தேவையில்லை என்பதை அவன் யாரும் சொல்லித்தராமலே காதால் பழகிக்கொண்டான்.

தெருவில் கிடைத்த குரு

எட்டு வயதை ஒட்டி ஒரு கிட்டார் அவன் கைக்கு வந்தது. அதை வாங்கிக் கொடுத்தது நான்தான் என்று பின்னாளில் பலர் உரிமை கொண்டாடினார்கள். வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் யார் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. அவர் பெயர் ரூஃபஸ் பெய்ன். ‘டீ-டாட்’ என்று ஊரார் கூப்பிட்ட கறுப்பினத் தெருப் பாடகர். ஜார்ஜியானா, கிரீன்வில் ஆகிய ஊர்களின் தெருக்களில் பாடிக் காசு வாங்கிப் பிழைத்தவர்.

வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் பள்ளி முதல் பேருந்து இருக்கை வரை எல்லாமே தனித்தனி என்று சட்டமே இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையன், ஒரு கறுப்பினக் கலைஞரின் பின்னால் தெருத் தெருவாக நடந்தான். பாடம் சொல்லிக்கொடுத்ததற்குக் கைமாறாக லில்லி அவருக்குச் சாப்பாடு போட்டார் என்பார்கள். சுரக்கூட்டுகள், தாளத்தைப் பிடித்து நிறுத்தும் விதம், கூட்டத்தை முகம் பார்த்துப் பேசும் விதம், சோகத்தை இழுத்துப் பாடும் ப்ளூஸ் பாணி எல்லாம் அந்தத் தெருவில் கிடைத்தவை. பேரும் புகழும் வந்த பிறகும் ஹேங்க் இதை மறைக்கவில்லை. தமக்குக் கிடைத்த இசைப் பயிற்சி முழுவதும் டீ-டாட் கொடுத்ததே என்று வெளிப்படையாகச் சொன்னார்.

சீடன் பெரிய ஆளானதைப் பார்க்க குருவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1939 இல் மான்ட்கோமரி நகரில் வறுமையில் இறந்தார் ரூஃபஸ் பெய்ன். அப்போது ஹேங்குக்கு 15 வயது.

வானொலி, குடி, கப்பல் பட்டறை

1937 இல் குடும்பம் அலபாமாவின் தலைநகரான மான்ட்கோமரிக்குக் குடிபெயர்ந்தது. பையன் ஹைரம் என்ற பெயரை விட்டுவிட்டு ஹேங்க் ஆனான். கன்ட்ரி பாடகனுக்கு அந்தப் பெயர்தான் எடுப்பாக இருக்கும் என்று நினைத்தான். உள்ளூர் டபிள்யூஎஸ்எஃப்ஏ வானொலியில் பாட வாய்ப்புக் கிடைத்தது. ‘டிரிஃப்டிங் கவ்பாய்ஸ்’ என்ற குழுவும் சேர்ந்தது. தாய் லில்லியே காரில் குழுவை ஊர் ஊராக ஏற்றிச்சென்றார். வாசலில் நின்று டிக்கெட் காசும் வாங்கினார்.

முதுகு வலிக்கு அந்த இளைஞர் சீக்கிரமே ஒரு தவறான மருந்தைக் கண்டுபிடித்திருந்தார். அது மதுபானம். பதின்ம வயதிலேயே ஒட்டிக்கொண்ட பழக்கம். இரண்டாம் உலகப் போர் வந்தபோது முதுகுக் கோளாறால் ராணுவம் அவரை எடுக்கவில்லை. குழுவில் இருந்தவர்களை எடுத்துக்கொண்டது. 1942 இல், ஓயாத குடியைக் காரணம் காட்டி வானொலி நிலையம் அவரை நிறுத்தியது. போர்க்காலத்தில் மொபீல் துறைமுகத்தின் கப்பல் கட்டும் பட்டறையில் கூலி வேலை பார்த்தார்.

அந்த நாள்களில் சந்தித்தவர்தான் ஆட்ரி. முதல் திருமணத்தில் பிறந்த மகளோடு இருந்தார். 1944 டிசம்பரில் அலபாமாவின் ஒரு பெட்ரோல் நிலையத்தில் எளிமையாகத் திருமணம் நடந்தது. ஆட்ரிக்குத் தாமும் பாடகியாக வேண்டும் என்று ஆசை. கணவரை முன்னுக்குக் கொண்டுவரும் வேகமும் அவரிடம் இருந்தது. இருவருக்கும் அன்பும் உண்டு, அடிக்கடி சண்டையும் உண்டு. ஹேங்கின் காதல் பாட்டுகளிலும் பிரிவுப் பாட்டுகளிலும் இந்த வீட்டுக் கதையின் சாயல் தெரியும்.

நேஷ்வில் திறந்த கதவு

கன்ட்ரி இசையின் தலைநகரம் டென்னசி மாநிலத்தின் நேஷ்வில். 1946 இல் ஹேங்க் அங்கே போய்ப் பாடலாசிரியரும் பதிப்பாளருமான ஃபிரெட் ரோஸைச் சந்தித்தார். ஹேங்குக்கு இசைக் குறிப்பு எழுதவோ படிக்கவோ தெரியாது. கையில் கிடைத்த தாளில் வரிகளைக் கிறுக்கி வைப்பார், மெட்டை மனத்தில் வைத்திருப்பார். ஃபிரெட் ரோஸ் அவற்றைச் செதுக்கி, ஒழுங்குபடுத்தி, இசைத்தட்டுக் கம்பெனிகளிடம் கொண்டுபோனார். 1946 டிசம்பரில் முதல் பதிவு. அடுத்த ஆண்டு எம்ஜிஎம் நிறுவனத்தில் வெளிவந்த ‘மூவ் இட் ஆன் ஓவர்’ அவரை வெளியுலகுக்கு அறிமுகம் செய்தது.

1948 இல் லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரில், ‘லூசியானா ஹேரைட்’ என்ற சனிக்கிழமை வானொலி நிகழ்ச்சியில் சேர்ந்தார். அந்த ஆண்டு இறுதியில் ‘லவ்சிக் ப்ளூஸ்’ என்ற பழைய பாட்டைப் பதிவு செய்தார். 1920களில் வேறொருவர் எழுதிய பாட்டு அது. ஃபிரெட் ரோஸுக்கு அது பிடிக்கவில்லை. ஹேங்க் பிடிவாதமாக நின்றார். அது 1949 இல் கன்ட்ரி பட்டியலில் 16 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

அதே ஆண்டு மே மாதம் மகன் பிறந்தான். முந்தைய ஆண்டு மணமுறிவு வரை போன ஆட்ரியும் அவரும் மீண்டும் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஜூன் 11 அன்று நேஷ்விலின் ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ மேடையில் முதன்முறையாகப் பாடினார். கன்ட்ரி கலைஞர்களுக்கு அதைவிடப் பெரிய மேடை இல்லை. கூட்டம் அவரை விடவில்லை. மறுபடி மறுபடி மேடைக்கு அழைத்தது.

பணம், புகழ், குழந்தை, குடும்பம் எல்லாம் ஒரே ஆண்டில் கைக்கு வந்தன. அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் தம் வாழ்நாளின் மிகத் தனிமையான பாட்டை அவர் சின்சினாட்டியில் பதிவு செய்தார்.

பாட்டுக்குள் என்ன இருக்கிறது?

முதலில் தாளம். அது மூன்றடித் தாளம். தகிட, தகிட என்று போகும். மேற்கத்தியர் இதை வால்ட்ஸ் என்பார்கள். ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடும் நடனத்துக்குரிய தாளம் அது. இருவர் ஆட வேண்டிய தாளத்தில் இங்கே ஒருவர் மட்டும் தனியாக நிற்கிறார்.

அடுத்து வேகம். நிமிடத்துக்கு 110 அடி என்றால் கேட்பதற்கு வேகம் போலத் தோன்றும். ஆனால் மூன்று அடிகளில் முதல் அடிக்குத்தான் அழுத்தம். அப்படிப் பார்த்தால் அழுத்தமான அடி நிமிடத்துக்கு 37 முறைதான் விழுகிறது. தூளியை மெல்ல ஆட்டிவிடும் வேகம் அது. பாட்டு தேங்கி நிற்பதும் இல்லை, ஓடுவதும் இல்லை. விடியும்வரை ஒரே சீராக அசைந்துகொண்டே இருக்கும் போலத் தோன்றுகிறது. தூக்கம் வராத இரவுக்கு இதைவிடப் பொருத்தமான நடை இல்லை.

மூன்றாவது சுரக்கூட்டுகள். கிட்டார்காரர்கள் கோர்ட் என்று சொல்வது இதைத்தான். பாட்டு முழுவதற்கும் ஈ, ஏ, பி7 என்ற மூன்று அடிப்படைக் கோர்ட்டுகள் போதும். ஒவ்வொரு கண்ணியும் நெடுநேரம் ஈ கோர்ட்டிலேயே நிற்கும். கீழே இசை மாறாமல் இருக்க, மேலே குரல் மட்டும் ஏறி இறங்கும். பிறகுதான் ஏ வரும். அது வரும்போது ஒரு ஜன்னலைத் திறந்தது போல இருக்கும். உடனே மீண்டும் ஈ. எங்கும் போக இடமில்லாமல் வீட்டுக்குள்ளேயே திரும்பத் திரும்ப நடப்பது போன்ற அமைப்பு.

நான்காவது அமைப்பு. பல்லவி போலக் கூட்டமாகச் சேர்ந்து பாடும் பகுதி இதில் கிடையாது. ஒரே மெட்டில் நான்கு கண்ணிகள் மட்டுமே. சேர்ந்து பாட யாரும் இல்லை என்பதை அந்த அமைப்பே சொல்லிவிடுகிறது.

வாத்தியங்களும் அளவோடு நின்றன. ஸ்டீல் கிட்டார் வாசித்தவர் ஜெர்ரி பேர்ட். கம்பியின் மேல் இரும்புத் துண்டை வழுக்கவிட்டு வாசிக்கும் அந்தக் கருவி ஹவாய் தீவுகளில் பிறந்தது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் வழுக்கிப் போவதால் மனிதக் குரல் போல விம்மும். தம் முறை வந்தபோது ஜெர்ரி பேர்ட் வித்தை எதுவும் காட்டவில்லை. பாட்டின் மெட்டையே மெல்லத் திருப்பி வாசித்தார். மின் கிட்டார்காரர் ஸீக் டர்னர் அடிக் கம்பிகளில் ஒரே மாதிரியான சின்ன வாசிப்பைத் திரும்பத் திரும்பக் கொடுத்தார். டாமி ஜாக்சனின் பிடில் பின்னால் நின்றது.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் குரல். பாட்டில் பறவை அழுகிறது. நிலா மேகத்துக்குள் முகத்தை மறைத்துக்கொள்கிறது. ரயில் தாழ்ந்த குரலில் கூவுகிறது. நட்சத்திரம் ஓசையில்லாமல் விழுகிறது. மனிதர் மட்டும் அழவில்லை. அழுதுவிடலாம் போல இருக்கிறது என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார். ஹேங்கின் குரலும் அங்கேயே நிற்கிறது. விசும்பல் இல்லை, தேம்பல் இல்லை. நேராக நின்று, தெளிவாகச் சொல் பிரித்துப் பாடுகிறார்.

சோகம் இங்கிருந்துதான் வருகிறது. பிரகாசமான சுருதி, ஆடச் சொல்லும் தாளம், அடக்கமான வாத்தியங்கள். இவற்றின் நடுவே கண்ணீரை விழுங்கிக்கொண்டு நிற்கும் ஒரு மனிதர். இதையே மைனர் சுருதியில், மெதுவாக இழுத்து, அழுதுகொண்டே பாடியிருந்தால் கேட்பவருக்குச் செய்ய ஒன்றும் மிஞ்சியிருக்காது. அவர் அழாததால் கேட்பவர்கள் அழுகிறார்கள். தேவாலயத்தில் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய சுருதியும், டீ-டாட்டிடம் கற்ற ப்ளூஸும் ஒன்றாகச் சேர்ந்த இடம் இது.

இசைத்தட்டுக் கம்பெனி இந்தப் பாட்டைப் பெரிதாக நினைக்கவில்லை. 1949 நவம்பரில் வெளிவந்தபோது தட்டின் பின்பக்கத்தில்தான் இதைப் போட்டார்கள். முன்பக்கத்தில் இருந்தது ஓட்டை வாளியைப் பற்றிய ஒரு துள்ளல் பாட்டு. காசு போட்டுப் பாட்டுக் கேட்கும் ஜூக்பாக்ஸ் பெட்டிகள்தான் அந்நாளில் பெரிய சந்தை. மதுக்கடையில் ஆட வந்தவர்களுக்குத் துள்ளல் பாட்டே வேண்டியிருந்தது.

இந்த ஜூக்பாக்ஸ் கணக்குக்காகவே ஹேங்க் இன்னொரு பெயரும் வைத்துக்கொண்டார். அறிவுரையும் இரக்கமும் கலந்த பேச்சுப் பாட்டுகளை ‘லூக் த டிரிஃப்டர்’ என்ற பெயரில் வெளியிட்டார். ஹேங்க் வில்லியம்ஸ் பெயரைப் பார்த்து வாங்கும் பெட்டிக்காரர்கள் ஏமாறக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

மேலே போன வேகத்தில் கீழே

1951 இல் அவருடைய ‘கோல்டு கோல்டு ஹார்ட்’ பாட்டை டோனி பென்னெட் மீண்டும் பாட, அது பாப் இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கிராமத்துப் பாட்டு என்று ஒதுக்கிய நகரத்து மக்களும் ஹேங்கின் பாட்டுகளைத் தேடத் தொடங்கினார்கள். 1952 இல் ‘ஜம்பாலயா’ வந்தது. பின்னாளில் கார்பென்டர்ஸ் குழு பாடி உலகமெல்லாம் பரவிய அதே பாட்டு.

வெளியே இப்படி இருக்க, உள்ளே எல்லாம் சரிந்துகொண்டிருந்தது. 1951 டிசம்பரில் முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. வலி போகவில்லை. குடியோடு வலி நிவாரண மருந்துகளும் சேர்ந்துகொண்டன. மருத்துவப் பட்டமே இல்லாத போலி மருத்துவர் ஒருவர் அவருக்கு மயக்க மருந்து எழுதிக்கொடுத்துவந்தார். நிகழ்ச்சிகளுக்கு வராமல் போவதும், வந்தாலும் நிற்க முடியாமல் தள்ளாடுவதும் வழக்கமாயின. 1952 இல் ஆட்ரியோடு மணமுறிவு உறுதியானது. அதே ஆண்டு ஆகஸ்டில் கிராண்ட் ஓல் ஓப்ரி அவரை நீக்கியது. மூன்றாண்டுகளுக்கு முன் அவரைக் கீழே இறங்கவிடாத மேடை அது.

குடிதான் அவருக்குப் பாட்டுகளைக் கொடுத்தது என்று சிலர் பெருமையாகப் பேசுவதுண்டு. நடந்ததைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. பாட்டுகளைக் கொடுத்தவை தாயின் ஆர்கனும், டீ-டாட்டின் கிட்டாரும், ஃபிரெட் ரோஸோடு உட்கார்ந்து செய்த உழைப்பும்தான். குடி அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அதிகம். வானொலி வேலை, குடும்பம், ஓப்ரி மேடை, கடைசியில் உயிர்.

1952 செப்டம்பர் 23 அன்று நேஷ்விலில் கடைசிப் பதிவு. ‘யுவர் சீட்டின் ஹார்ட்’ அன்று பதிவானது. அக்டோபரில் பில்லி ஜீன் என்ற இளம்பெண்ணை மணந்தார். பதிவுத் திருமணம் முடிந்த பிறகு, நியூ ஆர்லியன்ஸ் நகர அரங்கில் ஆயிரக்கணக்கானோர் டிக்கெட் வாங்கி வந்து பார்க்க, அதே திருமணம் மேடையில் மீண்டும் நடந்தது.

கடைசிப் பயணம்

புத்தாண்டு நாளில் ஒஹாயோ மாநிலத்தின் கான்டன் நகரில் நிகழ்ச்சி இருந்தது. பனிப் புயலால் விமானத்தில் போக முடியவில்லை. தமது கேடிலாக் காரை ஓட்ட ஒரு கல்லூரி மாணவரை அமர்த்திக்கொண்டார். வழியில் நாக்ஸ்வில் நகர விடுதியில் மருத்துவர் ஒருவர் வலிக்கு ஊசி போட்டார். இரவோடு இரவாகக் கார் வடக்கே போனது. பின்னிருக்கையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஹேங்க் படுத்திருந்தார்.

1953 ஜனவரி 1 விடியற்காலையில் மேற்கு வர்ஜீனியாவின் ஓக் ஹில் ஊரில் கார் நின்றது. மாணவர் பின்னால் திரும்பிப் பார்த்துத் தொட்டபோது உடல் விறைத்திருந்தது. இதயம் செயலிழந்ததாகப் பதிவு செய்தார்கள். வயது 29. இந்த உலகத்திலிருந்து உயிரோடு வெளியேறப் போவதில்லை என்று கிண்டலாகப் பாடிய அவருடைய இசைத்தட்டு ஒன்று அப்போதுதான் விற்பனையில் இருந்தது. அவர் இறந்த பிறகு அது முதலிடத்துக்குப் போனது.

கான்டன் அரங்கில் செய்தியை அறிவித்தபோது, வழக்கம்போல் குடித்துவிட்டு வராமல் போனதற்குச் சாக்கு என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். பிறகு மேடையில் இருந்தவர்கள் அவருடைய ‘ஐ சா த லைட்’ பக்திப் பாட்டைத் தொடங்கினார்கள். அரங்கமே சேர்ந்து பாடியது.

ஜனவரி 4 அன்று மான்ட்கோமரி நகர அரங்கில் இறுதிச் சடங்கு நடந்தது. உள்ளே இடமில்லாமல் வெளியே பல்லாயிரம் பேர் நின்றார்கள். இனப் பிரிவினைச் சட்டப்படி கறுப்பின மக்களுக்கு மாடத்தில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அவர்களும் வந்திருந்தார்கள். கறுப்பினப் பாடகர் குழு ஒன்றும் அங்கே பாடியது. டீ-டாட் உயிரோடு இருந்திருந்தாலும் அந்த மாடத்தில்தான் உட்கார வேண்டியிருந்திருக்கும்.

சடங்கு முடிந்து இரண்டு நாளில், ஜனவரி 6 அன்று, வேறொரு உறவில் அவருக்கு ஒரு மகள் பிறந்தாள். தந்தையை அவள் பார்க்கவே இல்லை. வளர்ந்த பிறகு நீதிமன்றம் வரை போராடி மகள் என்ற உரிமையைப் பெற்று, ஜெட் வில்லியம்ஸ் என்ற பெயரில் அவளும் பாடகியானாள். மகன் ஹேங்க் வில்லியம்ஸ் ஜூனியரும் புகழ்பெற்ற கன்ட்ரி பாடகரானார்.

பின்பக்கத்துப் பாட்டு முன்னுக்கு வந்தது

1961 இல் கன்ட்ரி இசைப் புகழ் மண்டபம் தன் முதல் மூவரைத் தேர்ந்தெடுத்தது. ஹேங்க் வில்லியம்ஸும் ஃபிரெட் ரோஸும் அவர்களில் இருவர். மற்றவர் ஜிம்மி ராட்ஜர்ஸ். 1966 இல் பி.ஜே. தாமஸ் அந்தத் தனிமைப் பாட்டைப் பாடி, பாப் பட்டியலின் முதல் பத்து இடங்களுக்குள் கொண்டுவந்தார். 1973 ஜனவரியில் ஹவாயிலிருந்து துணைக்கோள் வழியாக ஆசிய நாடுகளுக்கும் போன நிகழ்ச்சியில் எல்விஸ் பிரஸ்லி அதைப் பாடினார். தாம் கேட்டதிலேயே மிகச் சோகமான பாட்டு அதுவாகத்தான் இருக்கும் என்ற பொருளில் அறிமுகமும் செய்தார். அதே ஆண்டு கறுப்பினப் பாடகர் ஆல் கிரீன் அதைத் தம் சோல் பாணியில் பதிவு செய்தார். தெருவில் ஒரு கறுப்பினக் கலைஞர் சொல்லிக்கொடுத்த இசை, ஒரு சுற்றுச் சுற்றி மீண்டும் கறுப்பினக் குரலில் ஒலித்தது.

இறந்து 57 ஆண்டுகளுக்குப் பிறகு, 2010 இல், அமெரிக்காவின் உயர்ந்த கௌரவங்களில் ஒன்றான புலிட்சர் சிறப்புப் பாராட்டு ஹேங்க் வில்லியம்ஸுக்குக் கிடைத்தது. இசைக் குறிப்பு எழுதத் தெரியாதவரின் எளிய பாட்டு எழுத்துக்குக் கிடைத்த மரியாதை அது.

கிட்டார் கற்கத் தொடங்குபவர்கள் இன்றும் இந்தப் பாட்டை ஆரம்பத்திலேயே எடுத்துக்கொள்வார்கள். மூன்று கோர்ட்டுகள், தகிட என்ற தாளம். ஒரு மாலைப் பொழுதில் விரலுக்கு வந்துவிடும். ஆனால் குரல் உடையாமல், அழாமல், நான்கு கண்ணிகளையும் முடிவரை பாடிப் பார்க்கும்போதுதான், 25 வயதில் அந்த மனிதர் அன்று சின்சினாட்டியில் செய்தது எவ்வளவு கடினமான வேலை என்பது தெரியும்.